உடலின் ஹக்கும் இல்லாளின் ஹக்கும்

பலம் பொருந்திய முஃமினை, பலவீனரான முஃமினைக் காட்டிலும் அல்லாஹ் அதிகம் நேசிக்கிறான் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை அறியாதவர் நம்மில் அநேகமாக இல்லை. தேகப்பயிற்சி செய்யும் வாலிபர்கள் அதை அடிக்கடி எடுத்துச் சொல்லுகிறார்கள். நல்லதுதான். சோம்பிக் கிடப்பதை மார்க்கம் எங்கும் புகழவில்லை. ஆனால் அந்த வாலிபர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், முக்கியமாக அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கும் நாம் ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறோம். மார்க்கம் புகழ்ந்த ஒரு ஹலாலான காரியத்தில் ஒருவன் தன் சக்தி முழுவதையும் செலவிட்டுவிட்டு, இரவில் வீடு திரும்பும்போது மனைவியின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மனமில்லாதவனாக ஆகிவிட்டால், அவன்மீது பொறுப்பு உண்டா, இல்லையா?

குடும்பத்தார் யாவரும் படிக்கும் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சத்தியத்தைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டுத்தான் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்களின் குளிப்புக் கடமை பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அந்த ஸஹாபிப் பெண்மணியை விட நாம் வெட்கம் மிகுந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் உடல் நூலார் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஓட்டம் போன்ற நீண்ட நேரப் பயிற்சிகளில் ஈடுபடும் 1,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் வினாப் பட்டியல் கொடுத்து விசாரித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் கடுமையாகவும் மிக நீண்ட நேரமும் பயிற்சி செய்பவர்களை விட, இலேசாகவும் நடுத்தரமாகவும் செய்பவர்களிடத்தில்தான் தாம்பத்திய ஆசை இயல்பான நிலையில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அவரவர் சொன்ன பதிலை வைத்துச் செய்த ஆய்வு இது. கடும் பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஆகும் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அசட்டை செய்யத்தக்க செய்தி அல்ல.

காரணம் என்னவென்றால், ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனை விரைகள் தாமாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பாகத்திலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை போக வேண்டும். அங்கிருந்து விரைகளுக்குக் கட்டளை வர வேண்டும். வீட்டில் அரிசி தட்டுப்படும்போது குடும்பத் தலைவி முதலில் எதை நிறுத்துவாள்? பலகாரத்தை நிறுத்துவாள், கஞ்சியை நிறுத்தமாட்டாள். உடலும் அப்படித்தான். உண்பது குறைவாகவும் உழைப்பது அதிகமாகவும் தொடர்ந்து நடந்தால், இருதயத்துக்கும் மூளைக்கும் உரியதை விட்டுவைத்து, சந்ததிக்கான செலவை முதலில் சுருக்கிவிடுகிறது. கட்டளை குறைகிறது, சுரப்பு குறைகிறது, ஆசை அடங்குகிறது. விளையாட்டு வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதைக் கண்டு முதலில் பெண்கள் விஷயத்தில் பேசப்பட்ட இந்த நிலை ஆண்களுக்கும் உண்டு என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவ அறிஞர்கள் 2014-ல் எழுத்திலேயே ஒப்புக் கொண்டார்கள்.

இதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்விதம் உணவளித்து மீட்பது என்று அறிவதற்காக மின்னஸோட்டா பல்கலைக் கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 வாலிபர்கள் மனமுவந்து வந்தார்கள். 1945-ல் 24 வாரங்கள், வழக்கமான உணவில் ஏறக்குறையப் பாதியே அவர்களுக்குக் கிடைத்தது. வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. அத்துடன் பெண்கள் மீதிருந்த நாட்டமும் போயிற்று. பெண்களை நினைத்த உள்ளங்களில் சோறும் ரொட்டியுமே நின்றன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கத் தொடங்கினார்களாம்!

இதைப் படிக்கும் ஆலிம்களுக்கு உடனே ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்திருக்கும். வாலிபர்களில் இயன்றவர் மணமுடிக்கட்டும், இயலாதவர் நோன்பு வைக்கட்டும், அது அவரது இச்சையை அடக்கும் என்று அண்ணலார் அறிவுறுத்தினார்கள். மணம் முடிக்க வசதியில்லாதவனுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து அது. நிகாஹ் முடித்து, மஹரும் கொடுத்து, ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தவன், அரைவயிறு உணவும் மூன்று மணி நேரப் பயிற்சியுமாக அதே மருந்தை அன்றாடம் அருந்திக் கொண்டிருந்தால் அதை என்னவென்று சொல்வது? ரமளானில் நோன்பும் வைத்து, வழக்கமான பயிற்சியில் ஓர் அணுவும் குறைக்கமாட்டேன் என்று பிடிவாதம் செய்யும் இளைஞர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் பயிற்சியே கூடாதா என்று கேட்டுவிடக் கூடாது. இத்தாலியில் 110 பருத்த உடல் ஆண்களை இரண்டாண்டுகள் வைத்து நடந்த ஆய்வொன்று 2004-ல் வெளிவந்தது. எல்லோருமே இல்லற இயலாமை உள்ளவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உணவைச் சீராக்கி, உடலுழைப்பை அதிகப்படுத்தினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மருந்தின்றியே பழைய நிலைக்குத் திரும்பினார். ஆக, ஒருவனுக்கு ஆண்மையைத் திருப்பித் தந்ததும் பயிற்சிதான், இன்னொருவனிடமிருந்து எடுத்துக் கொண்டதும் பயிற்சிதான். நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னையார் முந்தினார்கள், பிறிதொரு முறை நாயகம் முந்தினார்கள். கணவனையும் மனைவியையும் நெருங்கச் செய்த ஓட்டம் அது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஓட்டமும் பளுதூக்குதலும் கிடக்கட்டும், இபாதத்தையே எடுத்துக் கொள்வோம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். தந்தையார் குறைஷிக் குலத்துப் பெண்ணொருத்தியை மணமுடித்து வைத்தார். சில நாள் கழித்து மருமகளிடம், உன் கணவர் எப்படி என்று விசாரித்தார். அந்தப் பெண் கணவரை நல்ல மனிதர் என்று மனமாரப் புகழ்ந்துவிட்டு, ஆனால் நாம் வந்ததிலிருந்து அவர் நம் விரிப்பில் கால் வைக்கவில்லை என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொன்னார். எவ்வளவு நாகரிகமான புகார்! விஷயம் நாயகத்துக்குப் போயிற்று. உடலுக்கு ஒரு ஹக்கு, கண்ணுக்கு ஒரு ஹக்கு, மனைவிக்கு ஒரு ஹக்கு உண்டென்று கூறி, அவரது நோன்பைக் குறைத்தார்கள்; தொழுகையையும் அளவோடு நிறுத்தினார்கள். அல்லாஹ்வுக்காகச் செய்த வணக்கமே மனைவியின் பங்கில் கை வைத்தபோது அளவுக்குள் கொண்டுவரப்பட்டிருக்க, கண்ணாடி முன் நின்று புஜத்தைப் பார்த்துக் கொள்வதற்காகச் செய்யும் பயிற்சிக்கு என்ன தனிச் சலுகை இருக்க முடியும்?

பகலெல்லாம் மூட்டை சுமந்து களைத்து வரும் தொழிலாளியும் சோர்ந்துதானே படுக்கிறான் என்று ஒருவர் வாதிக்கலாம். உண்மை. ஆனால் அவன் களைப்பில் மனைவிக்கும் மக்களுக்கும் பங்கிருக்கிறது. அது அவர்களுடைய சோறு. அவளும் அதை அறிவாள். தானாகத் தேடிக்கொண்ட களைப்பு வேறு. அறியாமல் இருந்தவரை அவன்மீது குற்றமில்லை என்பதே நம் கருத்து. தன் ஆசை அடங்கியதற்கும் பயிற்சிக்கும் தொடர்பிருக்கிறது என்று தெரிந்த பின்னும் குறைக்க மறுப்பவன், பிறர் ஹக்கைப் பிடித்து வைத்தவன் ஆகிறான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் நான்கு இரவுக்கு ஒன்று என்று சொல்லி, அவளது கற்பொழுக்கத்துக்குத் தேவையான அளவில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம் என்கிறார்கள். அந்த இறுதிப் பகுதிதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. அளவுகோலைக் கணவன் கையில் மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை.

உண்மையான கேடு மௌனத்தில் இருக்கிறது. கணவன் காரணம் அறியாமல் தனக்குள் வெந்து போகிறான். அல்லது லேகிய விளம்பரத்தைத் தேடுகிறான். மனைவியோ, என்னிடம் என்ன குறையோ, வேறெங்கும் மனம் போய்விட்டதோ என்று தலையணையை நனைக்கிறாள். குழந்தை தாமதமானால் மாமியாரின் சொல் அவள்மீதுதான் விழுகிறது. செய்வினை என்று தாயத்துக்கு அலைகிறார்கள். பயிற்சியின் பளுவைக் குறைத்து, வயிறாரச் சாப்பிட்டு, நன்றாக உறங்கினாலே பலருக்கு மாதங்களில் சீராகிவிடக் கூடியது இது. சீராகவில்லையென்றால் மருத்துவரிடம் போவது அவசியம். நீரிழிவும் இருதய நோயும் சில வேளை முதலில் இந்த வாசலில்தான் தலைகாட்டும். சைக்கிள் மிதிப்பவர்களுக்கு இருக்கையின் அழுத்தத்தால் மறைவிடத்தில் மரமரப்பு ஏற்படுமானால், அதையும் சொல்ல வேண்டும்.

தசை வளரவென்று ஊசியும் மாத்திரையும் எடுப்பவர்கள் கதை வேறு. செயற்கைச் சுரப்பை வெளியிலிருந்து செலுத்தினால், மூளை இனித் தேவையில்லை என்று தன் கட்டளையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்திய பின்னும் மீண்டுவர மாதக் கணக்கிலும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தன்னைத் தானே அழிவில் போட்டுக் கொள்வதைத் தடுக்கும் இறைவசனம் இதற்குப் பொருந்தாது என்று எந்த ஆலிம் சொல்வார்?

படுக்கையறை இரகசியத்தை வெளியிடுவது பாவமாயிற்றே, மனைவி எப்படிச் சொல்வாள் என்று கேட்பவர்கள் உண்டு. ஊரார் வாய்க்கு வம்பாகச் சொல்வதுதான் தடுக்கப்பட்டது. மருத்துவரிடமோ, தீர்த்து வைக்கக் கூடியவரிடமோ சொல்வது அதில் சேராது. ரிஃபாஆ (ரலி) அவர்களின் முன்னாள் மனைவி, தம் இரண்டாவது கணவரின் இயலாமையை, தம் துணியின் ஓரத்தைச் சுட்டிக் காட்டியே நாயகத்தின் சபையில் சொன்னார். அபூபக்ர் (ரலி) உடன் அமர்ந்திருந்தார்கள். அனுமதிக்காக வாசலில் நின்ற காலித் இப்னு ஸயீத் (ரலி), இந்தப் பெண் இப்படி உரக்கப் பேசுவதைக் கேட்டீர்களா என்று அபூபக்ரை நோக்கிக் குரல் கொடுத்தார். நாயகம் (ஸல்) அவர்களோ அந்தப் பெண்ணைக் கண்டிக்கவில்லை. புன்னகை செய்துவிட்டு, அவர் வேண்டுவது என்ன என்று விசாரித்தார்கள்.