என்ன காரணம், யார் காரணம்

‘காரணம்’ என்ற சொல்லைத் தமிழில் இரண்டு விதமாகக் கேட்கலாம். ‘இதுக்கு என்ன காரணம்?’ என்று கேட்டால் ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். ‘இதுக்கு யார் காரணம்?’ என்று கேட்டால் ஓர் ஆளைத் தேடுகிறோம். பழைய கிரேக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. அரிஸ்டாட்டில் காரணம் என்ற பொருளில் ஆண்ட ‘அய்தியா’ என்ற சொல்லுக்குக் குற்றச்சாட்டு, பழி என்ற அர்த்தமும் இருந்தது. இந்த இரண்டு கேள்விகளில் எதை முதலில் கேட்கிறோம் என்பது அறம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது, கிளம்ப மறுத்த ஒரு காரால்.

பெரியப்பா வீடு ஒரத்தநாடு பக்கம். கொட்டகையில் ஒரு பழைய பெட்ரோல் கார் நிற்கும். கல்யாணம், ஆஸ்பத்திரி, தஞ்சாவூர் போய்வர என்று மாதத்தில் நான்கைந்து நாள்தான் வெளியே வரும். பெரியப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஊரிலிருந்து ஓர் இளைஞர் ஆக்டிங் டிரைவராக வருவார். ஒரு கார்த்திகை மாதக் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. முந்தின நாள் கடைசியாக வண்டியைத் தொட்டது அவர். “லைட்ட அணைக்காம போயிருக்கான் பய, பேட்டரி இறங்கிடுச்சு” என்றார் பெரியப்பா. இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே கிளம்பிவிட்டது. சொன்னது நிரூபணமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கதை. அன்றோடு அவரைக் கூப்பிடுவது நின்றது. பெரியப்பா இதை டீக்கடையிலும் சொன்னார். வேறு இரண்டு வீடுகளிலும் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது முறை நின்றபோது யாருமே வண்டியைத் தொட்டிருக்கவில்லை. மெக்கானிக் வந்தார். முதல் வேலையாக ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். வெளிச்சம் மங்கவே இல்லை. “பேட்டரி நல்லாத்தான் இருக்குங்கய்யா” என்றார். மீட்டர் வைத்ததில் 12.6 வோல்ட். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னார். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் 8 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அது திரும்பி வரும் வழி எர்த் கேபிள். உறைக்கு உள்ளே அது பச்சை பூத்து, நாலைந்து இழைதான் மிச்சம். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

அப்படியென்றால் ஒயர் கொடுத்ததும் எப்படிக் கிளம்பியது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்படி ஒயர் கொடுக்கும்போது நெகட்டிவ் கிளிப்பை எஞ்சின் இரும்பில் மாட்டுவது வழக்கம். மாட்டிய கணமே கெட்டுப்போன கேபிளுக்கு ஒரு மாற்று வழி கிடைத்துவிடுகிறது. வைத்தியம் பலித்தது, நோய்க்கணிப்பு தவறு. பலித்த வைத்தியமே தவறான கணிப்புக்குச் சாட்சியாக நின்றது. ‘சரியாகிவிட்டது’ என்பதிலிருந்து ‘ஏன் கெட்டது என்று தெரிந்துவிட்டது’ என்பதற்கு நாம் தினமும் தாவுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் பெயர் இருக்கும்போதுதான் அந்தத் தாவல் அநியாயமாகிறது. அந்த டிரைவர் நிரபராதி என்பதற்கான சாட்சி முதல் நாளே இருந்தது. லைட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். யாரும் போடவில்லை, ஏனென்றால் ‘யார்’ என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்டது.

ஹார்ட், ஹானரே என்ற இருவர் 1959-இல் சட்டத்தில் காரணம் என்பது என்ன என்று ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் ஓர் உதாரணம் நம்மைப் பற்றியது. இந்தியாவில் பஞ்சம் வந்தால் விவசாயி வறட்சிதான் காரணம் என்பார், உலக உணவு அமைப்பு ஒன்றோ அரசாங்கம் தானியம் சேர்த்து வைக்காததுதான் காரணம் என்று சொல்லலாம். சங்கிலியில் எந்தக் கண்ணியைக் ‘காரணம்’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது, நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. ஜூன் 12 அன்று திறப்பது மரபு. தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. பேராவூரணிப் பக்கம் கடைமடையில் வயல் காய்ந்தால் கேள்வி தொடங்கும். மேட்டூரில் தண்ணீர் இல்லையா, கல்லணையில் முறை வைத்துவிட்டார்களா, வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டதா, மதகு பழுதா, மேல்மடைக்காரர் அடைத்துவிட்டாரா? விவரம் தெரிந்தவர் பாதி வழியில் போய்ப் பார்ப்பார். அங்கே தண்ணீர் இருந்தால் கோளாறு கீழே, இல்லாவிட்டால் மேலே. சர்வர் விழுந்தால் நாங்கள் செய்வதும், அந்த மெக்கானிக் மீட்டரை வைத்து நகர்த்தியதும் இதேதான்.

எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ 1978-இல் எழுதிய புத்தகத்தில், ஐந்து முறை ‘ஏன்’ கேட்கச் சொல்கிறார். இயந்திரம் நின்றது, ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போனது. முதல் ‘ஏன்’னிலேயே நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். பல நேரம் நாம் நிறுத்துவது காரணம் முடியும் இடத்தில் இல்லை, எதிர்த்துப் பேச முடியாத ஓர் ஆள் நிற்கும் இடத்தில். பழி பள்ளத்தைப் பார்த்து ஓடும். தண்ணீர் எட்டாத கடைமடைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் துறையில் கோளாறு அறிக்கைகளில் ஆள் பெயர் எழுதக்கூடாது என்று நல்ல குழுக்களில் ஒரு விதி உண்டு. எனக்கு அது பிடிக்கும், ஆனால் முழுத் தீர்வாகத் தோன்றவில்லை. வாய்க்காலைத் தூர்வாராமல் பில் போட்டவரையும் அந்த விதி காப்பாற்றிவிடும். ‘யார்’ என்ற கேள்வியைத் தடை செய்ய வேண்டியதில்லை. அது தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘என்ன’ என்பதைச் சோதித்து முடித்த பிறகு, கீழே இருப்பவரைக் கேட்கும் அதே குரலில் மேலே இருப்பவரையும் கேட்க வேண்டும்.

கேபிள் மாற்றிய அன்று மாலை கேட்டேன். “அந்தத் தம்பியக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன் பெரியப்பா.”

“இதப் போய் என்னடா சொல்றது? அதான் வண்டி சரியாயிடுச்சே” என்றார். பெரியப்பா கெட்டவர் இல்லை. அந்த டிரைவரின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தடவை கேட்காமலே பணம் கொடுத்தவர். பணத்தைக் கொடுப்பதைவிடச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பது கஷ்டம் போலிருக்கிறது. அந்த இளைஞர் இப்போது திருப்பூரில் வேன் ஓட்டுகிறார்.

தவறான பார்ட்டை மாற்றினால் மாற்றியவரின் பணம் போகும். அதனால் அடுத்த முறை நிதானமாகப் பார்ப்பார். தவறான ஆளைச் சொன்னால் சொன்னவருக்கு எதுவும் போவதில்லை, அதனால் நிதானம் வருவதும் இல்லை. அந்த விலையை நாமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பழியை எந்த டீக்கடையில் சொன்னோமோ அதே டீக்கடையில், அதே சத்தத்தில், ‘அவர் மேல தப்பு இல்லைப்பா, எர்த் ஒயர்’ என்று சொல்வதுதான் அந்த விலை. அதைச் சொல்லாதவரை ரிப்பேர் பாதிதான் முடிந்திருக்கிறது.