உடல் ஓர் அமானிதம்



செவித்திறன் இழந்தவருக்கு உள்காதில் மின்முனைகளைப் பதித்து, செவி நரம்பைத் தூண்டுகிறார்கள். உடலோ அவற்றை அந்நியமாகக் கருதி எதிர்க்கிறது. சுற்றிலும் தழும்புத் திசு வளர்கிறது. அதைத் தணிக்க, மின்முனைகளைத் தாங்கும் சிலிகானில் டெக்ஸாமெத்தசோன் மருந்தைக் கலந்து, சிறிது சிறிதாகக் கசியச் செய்யும் முறை வந்திருக்கிறது.

அந்த எதிர்ப்பும் அல்லாஹ் தந்த காவல்தானே, அதை அடக்கலாமா? காவலாளி வேண்டும், ஆனால் வைத்தியரையே அவர் வாசலில் மறித்தால் எடுத்துச் சொல்வது தவறல்ல. இம்மருந்து காவலை ஒழிக்கவில்லை. ஓரிடத்தில், சிறு அளவில் அமைதிப்படுத்துகிறது.

ஆனால் பெற்றோர்களே! பிள்ளைக்காகச் சம்மதம் சொல்வது நீங்கள். கசிந்துவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்த உடல் உங்கள் உடைமையல்ல. உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!