நான்காவது விரலும் தைத்த வாயும்

ஒரு விரலை வெட்டியதைப் பற்றி எழுதுகிறேன். வீடியோ கேமில் வருகிற ஒரு பொம்மையின் விரல். 'ஊர்ல சேரி எரியுது, நீ பொம்மை விரலுக்கு ஒப்பாரி வைக்கிறியா' என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். அந்த விரலை எதற்காக வெட்டினார்கள் என்று தேடிக்கொண்டு போனால் பாதை ஒரு சேரியில்தான் போய் நிற்கிறது. நம்முடைய சேரி இல்லை, ஜப்பானுடையது.

1997இல் அமெரிக்காவில் 'ஆட்வேர்ல்ட்: ஏப்ஸ் ஆடிஸி' என்றொரு ஆட்டம் வெளிவந்தது. செய்தவர்கள் 'ஆட்வேர்ல்ட் இன்ஹேபிடன்ட்ஸ்' என்ற கலிபோர்னியா நிறுவனத்தார். கதாநாயகன் ஏப் ஓர் அடிமை. மிருகங்களை அறுத்துத் தின்பண்டமாக்கும் ஒரு பெரிய இறைச்சித் தொழிற்சாலையில் தரை துடைக்கிறவன். அவன் இனத்தார் எல்லோருமே அங்கே அடிமைகள். அறுப்பதற்கு மிருகங்கள் தீர்ந்துபோக, லாபம் விழுகிறது. முதலாளிகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: வேலை செய்கிற அடிமைகளையே இனி அறுக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுவிடுகிற ஏப் தப்பித்து ஓடுகிறான். ஓடுவது மட்டும் ஆட்டம் இல்லை. மொத்தம் 99 கூட்டாளிகளை அவன் மீட்க வேண்டும். ஐம்பது பேரையாவது மீட்காமல் முடிவுக்குப் போனால் கடைசியில் இறைச்சி எந்திரத்தில் அவன் விழும்போது கைகொடுக்க யாரும் வரமாட்டார்கள். ஏப்பின் உதடுகள் தையல் போட்டு மூடப்பட்டவை. அந்தத் தைத்த வாயோடுதான் ஒவ்வொருவனிடமும் போய் முதலில் வணக்கம் சொல்லி, பிறகு 'என் பின்னால வா' என்று கூப்பிட வேண்டும்.

நான் எம்.ஏ. படித்த காலத்தில் காப்பியம் நடத்திய யாரும் தன்னேரில்லாத் தலைவனுக்கு இப்படி ஓர் இலக்கணம் சொல்லவில்லை.

இந்த ஏப்புக்கு ஒரு கையில் நான்கு விரல்கள். கேலிச்சித்திர உருவங்களுக்கு நான்கு விரல் போடுவது அமெரிக்காவில் பழைய வழக்கம், மிக்கி மவுஸ் காலத்திலிருந்து உண்டு. ஜப்பானுக்கு 'ஏப் அ கோகோ' என்ற பெயரில் ஆட்டம் போனபோது ஏப்பின் விரல்கள் மூன்றாகிவிட்டன. காரணம், ஜப்பானில் நான்கு விரலைக் காட்டுவது வசவு. நான்கு என்றால் நாலுகால் மிருகம். மிருகத்தை அறுக்கிறவன், தோலை உரிக்கிறவன், பதனிடுகிறவன். அந்த மக்களை இன்று புராக்குமின் என்கிறார்கள். பழைய பெயர் 'எதா', அழுக்கு மிகுந்தவர் என்று பொருள். இன்னொரு பிரிவுக்குப் பெயர் 'ஹினின்', அதாவது மனிதரல்லாதவர். 1871இல் ஜப்பான் அரசு ஆணை போட்டு இந்தப் பிரிவினையை ஒழித்தது. ஆணை போட்டால் ஒழிந்துவிடுமா என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள். கதை நடக்கும் இடம் இறைச்சிக் கூடம். நாயகன் அடிமை. அவன் கையில் நான்கு விரல். வரைந்த அமெரிக்கன் எதையும் அறியாமலே ஜப்பானின் மிகப் பழைய காயத்தின்மேல் விரலை வைத்துவிட்டான்.

ஒரு நாட்டில் செய்த ஆட்டத்தை வேறு நாட்டில் விற்கும்போது மொழியை மட்டும் மாற்றுவதில்லை. ரத்தத்தின் நிறத்தை மாற்றுவார்கள், கொடியை எடுப்பார்கள், பெண்ணின் உடையை நீட்டுவார்கள். இப்படி வெட்டுவதால் ஓர் ஆட்டம் மேம்பட முடியுமா? 'படைப்பில் கை வைக்காதே, கலைஞனின் சுதந்திரம்' என்று ஒரு கட்சி. 'மக்கள் மனம் புண்படும், வெட்டு' என்று மறு கட்சி. முதல் கட்சிக்குக் கலைஞன் கண்ணில் படுகிறான், இரண்டாவது கட்சிக்கு வாங்குகிறவன். எவனைக் குறித்து அந்தப் படம், எவனுடைய பெயர் அங்கே வசவாகிறது என்பதை இரண்டு கட்சியும் கேட்பதில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு கேட்டால்தான் கேள்விக்கே உயிர் வரும் என்று நினைக்கிறேன்.

விரலை எடுத்தது சரி. கலைச் சுதந்திரம் பேசுகிற நண்பர்களுக்கு இது கசக்கும். நான்கு விரலால் அந்தக் கதைக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை, பழக்கதோஷம். அதே நான்கு விரல் ஒசாகாவில் ஒரு புராக்கு சிறுவனுக்கு என்ன செய்யும்? வகுப்பில் எவனாவது ஆட்டத்தைக் காட்டி நாலு விரலை நீட்டுவான். கதையில் எதுவும் குறையாமல் ஒரு வசவு போகிறது என்றால் அந்த ஆட்டம் மேம்பட்டது என்றே சொல்வேன். 2002இல் 'ஹிட்மேன் 2' என்ற ஆட்டத்தில் அமிர்தசரஸ் பொற்கோயிலை நினைவூட்டும் ஒரு கோயிலில் சீக்கியர்களைச் சுட்டுக்கொல்ல விட்டிருந்தார்கள். 1984இல் அந்தக் கோயிலுக்குள் நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் எதிர்த்தார்கள். பிறகு வந்த பதிப்பில் மாற்றினார்கள். யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் விரல் போனது கம்பெனிக்காரனின் நல்ல மனசால் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்குப் பின்னால் எழுபத்தைந்து வருடத்துப் போராட்டம் இருக்கிறது. 1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் 'சுய்ஹெய்ஷா', சமன்செய்வோர் சங்கம் என்று சொல்லலாம், பிறந்தது. அரசோ பெரிய மனிதர்களோ வந்து கைதூக்கிவிட வேண்டாம், எங்கள் விடுதலையை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். இழிவுபடுத்துகிறவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டு விளக்கமும் மன்னிப்பும் வாங்குவது அவர்களுடைய போராட்ட முறை. எழுத்தாளனானாலும் பத்திரிகைக்காரனானாலும் அதிகாரியானாலும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயம்தான் 1997இல் ஒரு பொம்மையின் விரலை எடுத்தது.

சுய்ஹெய்ஷாவின் பிரகடனத்தில் 'எதா' என்ற அந்த வசவுச் சொல்லையே எடுத்து, அதில் பெருமைகொள்ளும் காலம் வந்துவிட்டது என்று எழுதினார்கள். நாம் 'தலித்' என்று சொல்லிக்கொண்டு 'அரிஜன்' என்ற சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்ததற்கு அது பெரியப்பா முறை. 1931இல் நடந்த அவர்களுடைய பத்தாவது மாநாட்டில் இன்னும் தெளிவாகத் தீர்மானித்தார்கள்: எந்தச் சொல் வந்தது என்பது மட்டும் கணக்கில்லை, இழிவுபடுத்தும் நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லை வேட்டையாடுவது அவர்களுடைய திட்டமே இல்லை.

சொல்வேட்டையைத் தொடங்கியவர்கள் பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர்கள். கேள்வி கேட்பானே என்று பயந்து சொல்லாக்கூடாத சொற்களுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு, கடைசியில் புராக்கு மக்களைப் பற்றிய பேச்சையே தவிர்த்தார்கள். வெளியே சொல் மறைந்தது. உள்ளே? 1975இல் ஒரு விஷயம் அம்பலமானது. நாடு முழுவதும் புராக்கு குடியிருப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊர்ப்பெயரோடு அச்சடித்த ரகசியப் புத்தகங்களை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தன. வேலைக்கு மனுப்போட்டவனின் சொந்த ஊரைப் பட்டியலில் தேடி, இருந்தால் ஒதுக்கிவிடுவார்கள். வாயில் அந்தச் சொல் வரவே வராது. அலமாரியில் புத்தகம் இருக்கும்.

ஏப்பின் விரல் போனதில் எனக்கு மிச்சமிருக்கும் உறுத்தல் இதுதான். ஒரு இறைச்சிக்கூட அடிமை தன் கூட்டாளிகளை மீட்கும் கதையை விளையாடிய ஜப்பானியப் பிள்ளைக்கு, இது நம்ம நாட்டிலும் நடந்த கதை என்று தோன்றியிருக்கக் கூடிய ஒரே அடையாளமும் போய்விட்டது. அப்படியானால் விரல் இருந்திருக்க வேண்டுமா? வேண்டாம். வசவைப் பெருமையாக்கும் உரிமை வசவு வாங்கியவனுக்குத்தான் உண்டு, விற்கிறவனுக்கு இல்லை. ஒரு புராக்கு இளைஞன் தானே ஒரு ஆட்டம் செய்து தன் நாயகனுக்கு நான்கு விரல் வைத்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

அதே 1997இல் நம் ஊரிலும் ஒரு வெட்டு நடந்தது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் வெள்ளையனை எதிர்த்துச் செத்தவன். அவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். தென்மாவட்டங்களில் கலவரம், சாவு. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. எல்லாருக்கும் சமம், பாரு! எத்தனையோ வருடம் எல்லார் பெயரும் ஓடியது. ஒரு தலித்தின் பெயர் வந்ததும் பெயர் வைக்கும் பழக்கமே பிரச்சினையாகிவிட்டது. ஜப்பானில் விரல் போனபோது வலித்தவன் கொஞ்சம் மூச்சுவிட்டான். இங்கே பெயர் போனபோது வலிக்க வைத்தவன் ஏறி உட்கார்ந்தான். இரண்டுக்கும் 'உணர்வுகளை மதித்தல்' என்றே பெயர் சொல்கிறார்கள்.

ஆட்டத்துக்கே வருகிறேன். 'ஃபால்அவுட்' என்ற தொடரில் அணுகுண்டு வெடித்தபின் உலகம் எப்படி இருக்கும் என்று கற்பனை. கதிர்வீச்சில் மாறிப்போன இரண்டு தலை மாடுகள் அதில் உண்டு. அந்த மாட்டுக்குப் பெயர் 'பிராமின்'. சுமை இழுக்கும், பால் கொடுக்கும், கறி ஆகும், தோல் ஆகும். நம் நாட்டுத் திமில் மாடுகளிலிருந்து உருவாக்கிய ஓர் இனத்தை அமெரிக்காவில் 'பிராமன்' மாடு என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. 2008இல் 'ஃபால்அவுட் 3' வந்தபோது, இந்தியாவில் எக்ஸ்பாக்ஸுக்கு அதை வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் காரணமாம். எந்தப் பண்பாடு, யாருடைய உணர்வு என்று விளக்கவில்லை. பெயர்தான் காரணம் என்று பலரும் ஊகித்தார்கள். அரசாங்கம் தடை போடவில்லை. யார் மனம் எப்போது புண்படும் என்று முன்கூட்டியே அறிந்து, ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் முழு ஆட்டத்தையும் நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு நுண்ணுணர்வு!

இதற்கு மூன்று வருடம் முன்னால், 2005இல், கனடாவின் 'டிஜிட்டல் எக்ஸ்ட்ரீம்ஸ்' ஒரு துப்பாக்கிச்சூட்டு ஆட்டம் செய்தது. அதன் பெயர் 'பரையா'. கதையில் கிருமி தொற்றிய ஒரு பெண் கைதி. எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? நம் பறையர் பெயர்தான். காலனிக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோய், ஊரார் ஒதுக்கியவன், தொடக்கூடாதவன் என்ற பொருளில் ஆங்கில அகராதியில் குடிவைத்தான். இங்கே வாழும் லட்சக்கணக்கான மனிதர்களின் பெயர், தொற்று நோய்க்கதைக்குத் தலைப்பாகி, பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் கடைக்கு வந்தது. எந்தக் கம்பெனியின் நுண்ணுணர்வுக்கும் அது உறைக்கவில்லை. மாட்டுக்குப் 'பிராமின்' என்று பெயர் வைத்தால் பண்பாடு புண்படும் என்று நினைக்கிற உலகில், நோய்க்குப் 'பரையா' என்று வைத்தால் அது வெறும் ஆங்கிலம்.

வெட்டுவதால் பாதிக்கப்பட்டவனே காணாமல் போவதும் உண்டு. அதற்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். நாஜிச் சின்னங்களைக் காட்டுவது அங்கே குற்றம். கலைக்கும் வரலாற்றுக்கும் விலக்கு இருந்தாலும் வீடியோ கேமுக்கு அது நடைமுறையில் கிடைக்கவில்லை. 2017இல் 'வுல்ஃபன்ஸ்டைன் 2' வந்தது. நாஜிகள் ஜெயித்த உலகத்தில் அவர்களை எதிர்த்துச் சண்டை போடும் ஆட்டம். ஜெர்மன் பதிப்பில் ஸ்வஸ்திகாவை எடுத்தார்கள். அதோடு விட்டார்களா? ஹிட்லரின் மீசையை எடுத்தார்கள், பெயரை 'ஹைலர்' என்று மாற்றினார்கள். யூதர்கள் என்ற பேச்சையும் அகற்றினார்கள். கொன்றவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்த கத்தரி, செத்தவன் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஜெர்மனியிலேயே இதைக் கண்டித்துப் பேசினார்கள். 2018 ஆகஸ்டில் விதியை மாற்றி, ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்றார்கள். 2019இல் வந்த அடுத்த ஆட்டம் வெட்டப்படாமலும் அங்கே கிடைத்தது.

தமிழ்ப்படத்தில் சாதிப்பெயர் வருகிற இடத்தில் சத்தத்தை அமுக்கிவிடுவார்களே, அதுதான் இது. அடி விழுவது தெரியும், எதற்காக என்பது கேட்காது. அடித்தவனுக்கு அது எவ்வளவு வசதி.

என் அக்கா பையன் செல்போனில் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆங்கில எழுத்து ஓடும், அவன் பாதி படிப்பான், பாதியை ஊகிப்பான். இதெல்லாம் தமிழில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. யாராவது என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால், 'பரையா' என்று வரும் இடத்தில் எல்லாம் 'ஒதுக்கப்பட்டவன்' என்று போடுவேன். மூலத்துக்குத் துரோகம் என்று எவன் சொன்னாலும் சரி, அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று எனக்குத் தெரியும், திரும்பி வரும்போது அந்த அர்த்தத்தோடு அது என் வாசலில் இறங்காது. ஏப்பை மூன்று விரலோடே விடுவேன். அவன் தைத்த வாயிலிருந்து வரும் கூப்பாட்டை எங்கள் தெருப் பேச்சிலேயே எழுதுவேன்: 'ஏய், வாடா என்கூட.' இரண்டு தலை மாட்டுக்குப் 'பிராமின்' என்றே இருக்கட்டும். அதை மாற்றச் சொல்லி எவனாவது வந்தால், பஸ்ஸில் இருந்த பெயரை எடுத்தவர்களிடம் போய்க் கேட்கச் சொல்வேன்.