உனக்கெதுக்குப்பா பைக்?

சிக்னலில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும் அந்த ஸ்கூட்டரை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாக இணைப்புச் சக்கரங்கள். சீட்டை ஒட்டி ஒரு ஊன்றுகோல். பச்சை விழுந்ததும் மற்றவர்களோடு அவரும் விர்ரென்று கிளம்பிவிடுவார். 'பரவால்லையே, பாவம்... தன் வேலையைத் தானே பார்த்துக்கறாரு' என்று ஒரு விநாடி நினைத்திருப்பீர்கள். நல்ல மனசுதான். ஆனால், அந்த நல்ல மனசுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இந்த வாரம் அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்ப்போமா?

முதலில் கொஞ்சம் மெக்கானிக் வேலை. இருசக்கர வண்டிக்குக் கால் எதற்கு? ஓடுகிற வண்டி விழாமல் இருப்பதற்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. அதை வேகமும் ஹேண்டில்பாரும் பார்த்துக்கொள்கின்றன. கால் வேண்டியிருப்பது கிக்கரை உதைக்க, கியர் மாற்ற, பிரேக் மிதிக்க, நின்றால் தரையில் ஊன்ற. இந்த நான்கில் முதல் மூன்றை செல்ஃப் ஸ்டார்ட்டும், இரண்டு பிரேக்கையும் கையிலேயே வைத்த கியரில்லா ஸ்கூட்டரும் ஒழித்துக்கட்டிவிட்டன. அவற்றை நாம் 'ஊனமுற்றோர் உபகரணம்' என்றா சொன்னோம்? சொகுசு என்று சொல்லி வாங்கினோம்! மிச்சமிருந்தது ஊன்றுகிற வேலை ஒன்றுதான். அதைத்தான் அந்த இரண்டு சக்கரங்கள் செய்கின்றன.

எல்லா வாதமும் ஒன்றல்ல. போலியோ, காலின் பலத்தை எடுத்துக்கொள்ளும், உணர்ச்சியை விட்டுவைக்கும். தண்டுவடம் அடிபட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். சூடான சைலன்சரில் கால் பட்டாலும் தெரியாது, நழுவித் தரையில் இழுபட்டாலும் தெரியாது. அதனால், காலுக்குப் பட்டை, சைலன்சருக்கு மறைப்பு, முதுகுக்குச் சாய்மானம் எல்லாம் வேண்டும். ஸ்கூட்டருக்கு மாறி உட்காருவதே பெரும்பாடு என்பவர்களுக்கு சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' இருக்கிறது. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் வைத்த ஒரு சக்கரத்தைப் பூட்டினால், 25 கிலோமீட்டர் வேகத்தில் தெருவில் போகலாம்.

ஆக, இரும்பை வளைப்பது பெரிய காரியமில்லை. மனசை வளைப்பதில்தான் சிக்கல்.

வேய்ன் ரெய்னி என்று ஓர் அமெரிக்கர். 1990, 91, 92 என்று தொடர்ந்து மூன்று வருடம் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் பந்தய உலக சாம்பியன். 1993 செப்டம்பர் 5-ம் தேதி, இத்தாலியின் மிசானோ பந்தயத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. மார்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. அப்புறம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பந்தய அணி நடத்தினார்.

26 வருடம் கழித்து, 2019-ல், ஜப்பானின் சுசுகா டிராக்கில் மனிதர் மறுபடியும் பைக்கில்! கியர் மாற்றும் வேலையைக் காலிலிருந்து கைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 2022-ல் இங்கிலாந்தின் குட்வுட் விழாவில், 1992-ல் தனக்குப் பட்டம் வாங்கித்தந்த அதே யமஹா ரகத்தை ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 61.

சரி, இப்போது உங்கள் மனசு என்ன சொல்கிறது? 'எதுக்கு இந்த வேண்டாத வேலை? பட்டது போதாதா?' சொன்னதா, இல்லையா?

அந்த நிபந்தனை இதுதான். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் ஒருவர் வேலைக்குப் போனால் கைதட்டுகிறோம். ஆசைக்கு ஒருவர் பைக் ஏறினால் முகம் சுளிக்கிறோம். கால் போனவருக்குத் தேவை இருக்கலாம். ஆசை இருக்கக் கூடாது!

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஆரம்பப் பாடத்திலேயே சொல்லிவிடுவார்கள்: அத்தியாவசியம், வசதி, ஆடம்பரம் என்று தேவைகள் மூன்று வகை. ஒருவருக்கு ஆடம்பரம், இன்னொருவருக்கு அத்தியாவசியம் என்பதும் அதே பாடத்தில் உண்டு. நமக்கு எது எந்த வகை என்று நாமேதான் முடிவு செய்துகொள்கிறோம். வாதம் வந்தவர் விஷயத்தில் மட்டும் அந்தப் பட்டியலை மற்றவர்கள் போடுகிறோம்.

தமிழக அரசு இந்த ஸ்கூட்டர்களை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பிப்பவர் படிக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, சுயதொழிலா என்று பார்க்கிறார்கள். அது நியாயம். பொதுப்பணம், வரிசையில் பல பேர், யாருக்கு முதலில் என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால், அரசாங்க விண்ணப்பத்தில் இருக்கிற கேள்வியை நாம் ஏன் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிறோம்?

'அதெல்லாம் சரி சார், விழுந்தா யாரு பாக்கறது?' என்பீர்கள். சாதாரணக் கேள்வி இல்லை. பார்க்கப்போவது அம்மா அல்லது மனைவி. ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுந்தவர்கள். அவர்கள் பயத்தைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால், அதே பயம் புல்லட் கேட்டு அடம்பிடிக்கும் காலேஜ் பையன் வீட்டிலும் இருக்கிறதே! அங்கே என்ன நடக்கிறது? பேரம். ஹெல்மெட் போடணும், ராத்திரி ஓட்டக் கூடாது, மழையில எடுக்கக் கூடாது. கடைசியில் வண்டி வந்துவிடுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பேரமே கிடையாது. நேராகத் தீர்ப்புதான். வலிப்பது 'வேண்டாம்' என்ற பதில்கூட இல்லை; தன்னைக் கேட்காமலே அது வந்துவிடுகிறதே, அதுதான். ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். அறிவு வளர்ச்சி குன்றியவர்களைப் பற்றி எழுதும்போது 'ஆபத்தின் கண்ணியம்' என்றார். ஒருவருக்கு எந்த ஆபத்துமே வராமல் பொத்திப் பொத்திப் பாதுகாத்தால், கூடவே அவருடைய கௌரவத்தையும் எடுத்துவிடுகிறோம் என்பது அவர் கட்சி.

சட்டமே இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் இந்த வண்டிகளுக்கு வைத்த பெயர் 'இன்வாலிட் கேரியேஜ்'. இன்வாலிட் என்றால் நோயாளி. செல்லாதது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. 2019 திருத்தம் அதை 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றியது. அதாவது, தோதாக மாற்றியமைத்த வண்டி. பழைய பெயர் ஓட்டுகிறவரின் உடம்பைப் பார்த்தது. புதுப் பெயர் வண்டியைப் பார்க்கிறது.

நாமும் அப்படிப் பார்க்கப் பழகலாம். காலூன்ற முடியாத ஒருவர் சாதா பைக்கில் ஏறினால், புறப்படும்போதும் நிற்கும்போதும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் இருக்கிற தூரம் அவருடையது. 'எங்கே பிடிக்கணும், எப்போ விடணும்?' என்று அவரையே கேட்டுச் செய்தால், அது உதவி.

'சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரேம்மா.' நம் வீடுகளில் சாயங்காலமானால் கேட்கிற வாக்கியம். சாவியை எடுக்கும் பையனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் உங்கள் தம்பியோ அக்காவோ அதையே சொன்னால், 'உனக்கெதுக்கு?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'என்ன வண்டி, எந்த ரூட்டு?' என்று கேளுங்கள். பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பேரம் பேசுங்கள். அந்த மரியாதையாவது கொடுங்கள்.