விற்க மறுப்பதும் வழியை மறிப்பதும்

1962 அக்டோபர் 26 அன்று, கியூபாவுக்குச் சென்றுகொண்டிருந்த 'மருக்லா' என்ற சரக்குக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நிறுத்தின. கப்பலில் பறந்தது லெபனான் கொடி. அதை வாடகைக்கு அமர்த்தியிருந்தது சோவியத் ஒன்றியம். கடற்படையினர் ஏறிச் சோதித்தார்கள். ஆயுதம் ஏதும் இல்லை என்று கண்டதும் போக விட்டார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டுக் கியூபாவுடனான வணிகத்தை நிறுத்தியிருந்தார். அதற்குப் போர்க்கப்பல் எதுவும் தேவைப்படவில்லை.

முதலாவது கடல் முற்றுகை. இரண்டாவது வணிகத் தடை. தடை விதிக்கும் அரசு தன் குடிகளையும் தன் துறைமுகங்களையும் கட்டுப்படுத்துகிறது. முற்றுகையிடும் அரசோ எல்லோருக்கும் பொதுவான கடலில் நின்று அடுத்தவர் கப்பலை ஆயுதத்தால் மறிக்கிறது. அதனால்தான் சட்டத்தின் பார்வையில் முற்றுகை ஒரு போர்ச்செயல். அந்தச் சொல்லைத் தவிர்க்கவே கென்னடி அக்டோபர் முற்றுகையைக் 'குவாரண்டைன்' (தனிமைப்படுத்தல்) என்றார். ஐ.நா. சாசனமும் பொருளாதார உறவை முறிப்பதை 41ஆம் பிரிவிலும், படைகொண்டு முற்றுகையிடுவதை 42ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது.

அறமும் சட்டம் போட்ட இந்த எல்லைக்கோட்டையே பின்பற்றலாமா? 'உனக்குச் சரக்கு கிடையாது' என்று சொல்லும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. தெருமுனையில் தடியோடு நின்று மற்றவர் வண்டிகளைத் திருப்பி அனுப்பும் உரிமை இல்லை. அமெரிக்கத் தரப்பிலும் நியாயம் உண்டு. 1960இல் அமெரிக்க நிறுவனங்களின் சொத்துகளைக் கியூபா நாட்டுடைமை ஆக்கியது. பொருளைப் பறிகொடுத்தவர், பறித்தவரோடு தொடர்ந்து வணிகம் செய்தே தீரவேண்டும் என்று எந்த அறமும் சொல்லாது.

ஆனால் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: 'அவனுக்கு விற்றால் என் தெருப்பக்கம் வராதே' என்பது. நம் ஊர்களில் இதற்கு ஊர்விலக்கு என்று பெயர். 1992இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், கியூபாவுக்கு வணிகத்துக்காகச் சென்ற கப்பல் அடுத்த 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது. கடலில் யாரும் மறிக்கவில்லை; ஆனாலும் கப்பல் கியூபாவுக்குப் போகத் தயங்கும். பெயரளவில் தடையாக இருந்தாலும் இது செய்வது முற்றுகையின் வேலை. கியூபர்கள் இதை 'முற்றுகை' என்றே அழைப்பதைச் சட்டம் ஏற்காமல் போகலாம். அறம் அதை அப்படித் தள்ளிவிட முடியாது.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1962 அக்டோபர் முற்றுகை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. உணவுக் கப்பல்களை அது மறிக்கவும் இல்லை. தடையோ அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இடையில் உணவும் மருந்தும்கூட அதில் சிக்கின. உணவு விற்பனைக்கு வழிவிட 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1996இல் வந்த சட்டமோ, அதிபர் நினைத்தாலும் தடையைத் தனியாக நீக்க முடியாதபடி பூட்டு போட்டுவிட்டது.

இதனால் முற்றுகை நல்லது என்று ஆகிவிடாது. முதல் உலகப் போரில் 1918 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் ஜெர்மனி மீதான முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. அந்த மாதங்களின் பசியைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் போர்முனையையே காணாத பெண்களும் குழந்தைகளும். அளவும் முடிவும் இல்லாத முற்றுகை எவ்வளவு கொடியதோ, அளவும் முடிவும் இல்லாத தடையும் அவ்வளவு கொடியது.

ஆகவே கேட்க வேண்டியது, ஆயுதம் எடுத்தார்களா என்பது மட்டுமல்ல. தன் கையில் இருப்பதை மட்டும் மறுத்தார்களா, அடுத்தவர் கையையும் பிடித்தார்களா? எது நடந்தால் விலக்குவோம் என்று சொன்னார்களா? தண்டனை யார் வீட்டு அடுப்பில் போய் விழுகிறது என்று பார்த்தார்களா? மருக்லாவில் ஏறியவர்கள் சரக்கைக் கண்ணால் பார்த்த பின்பே முடிவு சொன்னார்கள். தடைக்குக் கையெழுத்திடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதை அவரே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.