உறைதலும் வாழ்தலும்

நீண்ட காலம் இருப்பதுதான் நிறைவான வாழ்வா? இக்கேள்வியைச் சிந்திக்க இரு சிற்றுயிர்கள் நமக்குத் துணைபுரிகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு இந்தியக் காடுகளிலும் அட்லஸ் என்னும் அந்துப்பூச்சி வாழ்கிறது. விரித்த இறகுகளின் அகலம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். ஆயினும் கூட்டிலிருந்து வெளிவந்தபின் அது எதையும் உண்பதில்லை. உண்பதற்குரிய வாயுறுப்பு அதற்கு வளர்ச்சி பெறுவதில்லை. புழுவாக இருந்தபோது இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பே அதன் முதல். அம்முதலைச் செலவிட்டுத் துணையைச் சேர்ந்து, தன் இனத்தைத் தொடரச் செய்து, ஓரிரு வாரங்களில் மடிகிறது.

மற்றொன்று, அண்டார்க்டிகாவை அடுத்த சிக்னி தீவில் படரும் ஒரு பாசி. கோரிசோடோன்டியம் அசிஃபில்லம் என்பது அதன் அறிவியல் பெயர். உறைநிலத்தில் ஒரு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த அதனைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எடுத்துவந்து, ஈரமும் ஒளியும் இதமான வெப்பமும் அளித்தனர். சில வாரங்களில் அது பசுந்தளிர் விட்டது. இச்செய்தி 2014-இல் வெளியாயிற்று.

இவற்றுள் நெடிது வாழ்ந்தது எது? பாசிதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த நூற்றாண்டுகளில் அது வளரவில்லை. இறக்காமல் இருந்தது, அவ்வளவே. இறவாதிருத்தல் வேறு, வாழ்தல் வேறு. எனினும் பாசியைக் குறைகூற இடமில்லை. பனி தானே வந்து அதனை மூடியது. ஒளி கிடைத்தபோது அது தளிர்க்கத் தவறவில்லை.

முதியவர் ஒருவர் ஒருநாள் என்னைக் காண வந்தார். தம் தம்பியுடன் 18 ஆண்டுகள் பேசாதிருந்தவர். "என்றாவது பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன், சுவாமி. போன மாதம் அவன் போய்விட்டான்" என்றார். அவருக்கு ஆறுதல் கூற என்னிடம் சொல் இருக்கவில்லை.

அந்துப்பூச்சியால் காலம் தாழ்த்த இயலாது. பாசியால் விரைய இயலாது. காலமறிந்து செய்யும் விவேகம் மனிதனுக்கே வாய்த்தது. நாமோ மன்னிப்பையும் அன்பையும் 'நாளை' என்னும் பனிக்குள் நாமே புதைத்து வைக்கிறோம். அப்பனி வெளியிலிருந்து வந்ததன்று. அதை விலக்கவும் பிறர் வரவேண்டியதில்லை.

பாசியைப்போல் நாம் காத்திருக்கக்கூடும். ஆனால் நம் ஒரு சொல்லுக்காக ஏங்கி இருப்பவரின் ஆயுள் பாசியின் ஆயுள் அன்று. அச்சொல்லை இன்றே சொல்லிவிடுவோம்.