நாய்க்கு அழலாமா?

மனிதர்களே கொத்துக் கொத்தாய் மடிந்த மண்ணில் ஒரு நாய்க்காக அழலாமா? மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் இருக்கும் பெரியகல்லாற்றில் இது லேசான கேள்வியல்ல. நீண்ட யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியையும் கண்ட ஊர் அது.

அங்குள்ள தமிழ் நண்பர் ஒருவரின் பெட்டை நாய் முலைப் புற்றுநோயால் இறந்தது. அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "கடலுக்குச் சொந்தங்களைப் பறிகொடுத்த மனுசன் நாய்க்கு அழுறார்" என்று அயலில் சிலர் முணுமுணுத்தார்கள். துக்கம் என்ன கூப்பன் அரிசியா, நாய்க்குக் கொடுத்தால் மனிதருக்குக் குறைந்துபோக?

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த அழுகைக்கு முந்திய மாதங்கள்தான்.

நாய்க்கு வரும் கட்டியெல்லாம் மரண ஓலையல்ல. புணர்ச்சியால் நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைப் புற்று தெருநாய்களிடம் காணப்படுகிறது. வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் ஏற்றினால் அது பெரும்பாலும் குணமாகிவிடும். நம் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. முலைக்கட்டியையும் நேரத்தோடு கண்டால் வெட்டி அகற்றலாம். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெட்டைக்கு அது வருவதே அரிது. நுரையீரலுக்குப் பரவிய பின்னரோ சத்திரசிகிச்சை நோயைத் தீர்க்காது. நண்பருக்கு விஷயம் தெரியவந்தது அந்தக் கட்டத்தில்தான்.

அதன் பிறகு செய்யும் வைத்தியம் யாருக்காக? மனித நோயாளி நாளைக்காக இன்றைய வலியைத் தாங்குவான். மகளின் கலியாணம் வரையாவது இருக்க வேண்டும் என்பான். நாய்க்கு அப்படியொரு கணக்கில்லை. ஏன் இந்த ஊசி, ஏன் இந்த நோவு என்று அதற்கு விளக்கவும் முடியாது. இன்றைய வலி அதனுடையது. நாளை என்பது நம்முடைய ஆசை. நமது பிரிவுப் பயத்துக்காக அதன் வேதனையை நீட்டுவதை அன்பு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

நண்பர் தினமும் மூன்று விஷயங்களைப் பார்த்தார்: சாப்பிட்டதா, படலைவரை வந்ததா, இரவில் உறங்கியதா. மூன்றும் நின்றுபோன பிறகு மிருக வைத்தியரை அழைத்தார். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வலியில்லாத முடிவுக்குச் சம்மதித்தார். உயிரை எடுக்க நமக்கு உரிமை உண்டா என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். அந்த வாதமும் நாயின் நிலையைப் பார்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவச் சொல்லும் அதே மார்க்கம், தாகித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு வந்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாகவும் சொல்கிறது. சுத்தம் பற்றிய சட்டம் வேறு, இரக்கம் என்ற கடமை வேறு. அந்த ஹதீஸில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மனிதன் சற்று முன்புதான் தானும் தாகித்து, அதே கிணற்றில் குடித்திருந்தான். ஈர மண்ணை நக்கிய நாயின் தவிப்பு அவனுக்குப் புரிந்தது அதனால்தான்.

பறிகொடுத்தவர்களின் நிலையும் இதுவே. இழப்பு இன்னதென்று அறிந்தவர் ஒரு வாயில்லாச் சீவனுக்காக அழுவது, மாண்ட மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதையல்ல. இத்தனை மரணம் கண்ட நம் ஊர்களில் அந்தக் கண்ணீரைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் நியாயமில்லை.